சட்டம் எழுதிய பாத்திரம்

கதை எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. சட்டமும் பாத்திரங்களைப் படைக்கிறது. 'குத்தகைதாரர்' என்றும் 'வாரிசு' என்றும் 'தொழிலாளி' என்றும் பெயர் சூட்டி, இன்னின்ன லட்சணங்கள் உடையவன் இவன் என்று வரையறுத்து, நம் நடுவே உலவ விடுகிறது. நாவலாசிரியன் படைத்த பாத்திரத்துக்கு உயிரில்லாமல் போனால் வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார், அதோடு சரி. சட்டம் படைத்த பாத்திரம் உயிரில்லாமல் போனால், அதன் பெயரால் கிடைக்க வேண்டிய சோறு உயிரோடு இருக்கும் மனிதனுக்குக் கிடைக்காமல் போகும். ஆகையால் சட்டத்தையும் விமரிசனம் செய்ய வேண்டும். கதையை விமரிசிக்கும்போது கேட்கிற அதே கேள்வியைக் கேட்டால் போதும்: இந்தப் பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா?

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பாத்திரத்தின் பெயர் 'உழைக்கும் பத்திரிகையாளர்'. 1955-ல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அவரைப் படைத்தது. நீதிபதி ராஜாத்யட்சா தலைமையில் 1952-ல் அமைந்த முதல் பத்திரிகைக் கமிஷன் 1954-ல் கொடுத்த அறிக்கையும், 1950-ல் தோன்றிய இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் சம்மேளனத்தின் விடாத வற்புறுத்தலும் சேர்ந்து பெற்றெடுத்த பிள்ளை அது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆட்குறைப்பு என்றால் ஆசிரியருக்கு ஆறு மாதமும் மற்றவர்களுக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும், பணிக்கொடை உண்டு, ஊதியத்தை நிர்ணயிக்கக் குழு உண்டு. அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம். பத்திரிகைக்காரன் எழுத்தை நம்பிப் பட்டினி கிடப்பது ஏதோ தெய்வ சங்கற்பம் என்று எண்ணியிருந்த சமூகத்தில், அவனும் கூலிக்கு உழைக்கிறவன்தான் என்று சட்டம் உரக்கச் சொல்லிற்று.

அந்தப் பாத்திரம் 1955-ல் நம்பும்படியாகவே இருந்தது. சட்டம் அவரை எப்படி வர்ணிக்கிறது பாருங்கள்: ஆசிரியர், தலையங்கம் எழுதுகிறவர், செய்தி ஆசிரியர், உதவி ஆசிரியர், நிருபர், கார்ட்டூன் போடுகிறவர், செய்திப் புகைப்படக்காரர், பிழை திருத்துகிறவர். வாசிக்கும்போதே கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. மாடியில் ஆசிரியர் குழு, கீழே அச்சு இயந்திரம், வாசலில் கூர்க்கா, சுவரில் வருகைப் பதிவேடு. இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறவரே பத்திரிகையாளர். அவருக்காக அமைந்த சங்கமும் அந்தக் கட்டடத்தின் வாசலில்தான் நின்றது.

வாசலில் நிற்பது நம்மூர்த் தொழிற்சங்கத்தின் பழைய வழக்கம். 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. உபதலைவர்களில் ஒருவரானார். அப்போது திரு. வி. க. 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். ஆலைத் தொழிலாளிக்காகப் பேனா பிடித்தவர் சங்கம் கட்டினார். பேனா பிடித்தவர்கள் தங்களுக்கென்று நாடு தழுவிய சம்மேளனம் காண மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பத்திரிகைக்காரனுக்குத் தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ள உள்ளூர ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது இந்தப் பாத்திரத்தைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமான ஊர் அது. ஒரு பக்கம் கரும்பும் நெல்லும்; கச்சிராயப்பாளையத்தைத் தாண்டினால் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை. வெள்ளிமலை, கரியாலூர் என்று பரவிக் கிடக்கும் ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மாவட்டம் பிறந்ததும் ஆட்சியர் அலுவலகம் வந்தது. காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வந்தது. அவற்றோடு செய்தியும் வந்தது. செய்தி இருந்தால் செய்தியாளர் வேண்டும். அவர் யார்?

ஒரு மாதிரி மனிதரை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இவரைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவிலும் உண்டு. ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர். ஒரு தொலைக்காட்சிக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறவர். போன வருஷத்திலிருந்து ஒரு யூடியூப் சேனலுக்கும் அனுப்புகிறார். மூன்று இடங்களிலிருந்தும் நியமனக் கடிதம் என்று ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. செய்திக்கு இவ்வளவு என்று கூலி. சில இடங்களில் அதுவும் கிடையாது, அடையாள அட்டையே கூலி. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. யாரிடம் பிடிப்பது? ஜவுளிக்கடைக்காரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், அரசியல் கட்சியின் ஒன்றியச் செயலாளரிடம். நாளைக்கு யாரைப் பற்றி எழுத வேண்டி வருமோ, அவர்களிடமே இன்றைக்குக் கை நீட்ட வேண்டும்.

மலையில் ஏதாவது நடந்தால் இவர் சொந்த மோட்டார் சைக்கிளில், சொந்தப் பெட்ரோலில் ஏறிப் போகிறார். படம் பிடித்த பிறகு, கைபேசிக்கு அலை கிடைக்கிற திருப்பம் எது என்று தேடி, அங்கே நின்று அனுப்புகிறார். அடுத்த நிமிஷமே சென்னையிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: 'வேறு சேனலில் வந்துவிட்டதே, நீங்கள் ஏன் தாமதம்?' இரவு பதினொரு மணிக்கும் அந்தக் கேள்வி வரும். விடிகாலை ஐந்து மணிக்கும் வரும். 144 மணி நேரக் கணக்கு இவருக்கு யார் வைப்பது?

இந்த வருமானத்தில் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையோ போட்டோ ஸ்டுடியோவோ வைத்திருக்கிறார். இங்கேதான் சட்டத்தின் வர்ணனை இவரைக் கைவிடுகிறது. பத்திரிகைத் தொழில் எவருடைய 'பிரதானத் தொழிலோ' அவரே உழைக்கும் பத்திரிகையாளர் என்கிறது சட்டம். 1989-ல் செய்த திருத்தத்தில், முழு நேரமானாலும் சரி, பகுதி நேரமானாலும் சரி, ஒரு ஸ்தாபனமானாலும் பல ஸ்தாபனமானாலும் சரி என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார்கள். ஆனால் 'பிரதானம்' என்ற சொல் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி நிருபரின் பிரதானத் தொழில் எது? வருமானத்தைப் பார்த்தால் ஜெராக்ஸ் கடை. நேரத்தைப் பார்த்தால் செய்தி.

இந்த நியாயத்தின் சுழலைக் கவனியுங்கள். கூலி போதாததால் அவர் கடை வைக்கிறார். கடை வைத்ததால் அவர் பத்திரிகையாளர் அல்லர் என்று வாதிக்க இடம் உண்டாகிறது. பத்திரிகையாளர் அல்லர் என்பதால் கூலியை உயர்த்த வேண்டியதில்லை. நாவலில் இப்படி ஒரு கட்டத்தை எழுதினால், வேண்டுமென்றே பின்னிய முடிச்சு என்று வாசகர் சொல்வார்.

சட்டம் இப்போது மாறிவிட்டதே என்பார்கள். மாறியிருக்கிறது. 1955-ன் சட்டம் உள்ளிட்ட பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளில் அடக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பணிப் பாதுகாப்புக்கும் வேலை நிலைமைக்குமான தொகுப்பு, பத்திரிகையாளரின் வரையறையில் மின்னணு ஊடகத்தையும் டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்திருக்கிறது. இதை வரவேற்க வேண்டும். யூடியூப் சேனலுக்கு வேலை செய்கிறவரும் பத்திரிகையாளரே என்று முதல் தடவையாகச் சட்டம் ஒப்புக்கொண்டது.

ஆனால் கதையின் ஓர் அத்தியாயத்தில் சொன்னதை அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடும் ஆசிரியரைப் போல, சட்டம் இங்கே தடுமாறுகிறது. சங்கம், பேச்சுவார்த்தை, வேலை நிறுத்தம் ஆகியவற்றைச் சொல்வது தொழில் உறவுத் தொகுப்பு. அது பத்திரிகையாளரைத் தொழிலாளி என்று ஏற்கும்போது, புதிய வரையறையைச் சொல்லாமல் 1955-ன் பழைய வரையறையைச் சுட்டுகிறது. வக்கீல்கள் இதற்கு ஒரு பரிகாரம் சொல்வார்கள். சட்டம் தெரிந்தவர்களுக்கு இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்கத் தெரியும். ஆனால் அது வரைக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு வாய்தாவாவது கிடைக்கும். வாய்தா என்பது நிருபருக்குப் பட்டினி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பல சங்கங்கள் உள்ள இடத்தில், வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அதுவே முதலாளியோடு பேசும் தனிச் சங்கம் என்கிறது அந்தத் தொகுப்பு. வருகைப் பட்டியல்! கள்ளக்குறிச்சி நிருபரின் பெயர் எந்த ஸ்தாபனத்தின் வருகைப் பட்டியலில் இருக்கிறது? அவருடைய செய்தியால் நாள் முழுதும் பிழைக்கிற சேனலின் பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் இல்லாதவர் நூறு பேர் சேர்ந்தாலும் விழுக்காட்டுக் கணக்கில் அது பூஜ்யம்தான். பழைய சட்டத்திலிருந்த ஊதியக் குழு ஏற்பாடும் இப்போது இல்லை.

சட்டத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள நான் விரும்பவில்லை. சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவை சாதித்தவை சாமானியமானவை அல்ல. திவாட்டியா குழுவின் முடிவை 1958-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியபோதும் சோர்ந்துவிடாமல், ஷிண்டே, பாலேக்கர், பச்சாவத், மணிசானா என்று குழுவுக்குப் பின் குழுவாகப் போராடி வந்தார்கள். மஜீதியா குழுவின் சிபாரிசு 2011 நவம்பரில் அரசாணையாகி, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. அப்புறம் என்ன நடந்தது? அதில் 20-ஜே என்று ஒரு பிரிவு. 'எனக்குப் பழைய சம்பளமே போதும்' என்று ஊழியர் எழுதிக் கொடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம் பண்ணி, பல நிறுவனங்கள் கையெழுத்து வாங்கிவிட்டன. உரிய ஊதியத்தைக் குறைக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த 2017 ஜூன் ஆயிற்று. நாட்டிலேயே படித்தவர்கள் என்று பெயர் வாங்கிய தொழிலாளர்கள், தங்கள் கூலியைத் தாங்களே மறுத்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், சங்கம் அவர்கள் மேஜை வரைக்கும் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். தலைநகர மேஜைக்கே போகாதது மலையடிவாரத்துக்கு எங்கே போகும்?

சங்கங்களில் பிளவுகள் உண்டு; ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். அவற்றில் சில, உறுப்பினருக்குத் தருவது ஒரு அட்டையும் வண்டியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும்தான். கூலியைப் பற்றிப் பேச வேண்டிய ஸ்தாபனம் கௌரவத்தை விநியோகம் செய்கிறது. தமிழ்நாடு அரசு 2021-ல் பத்திரிகையாளர் நல வாரியம் அமைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் வாரியம் உதவி செய்யும், கூலி பேசாது. கூலி பேசுவது சங்கத்தின் வேலை.

இதிலெல்லாம் கதை படிக்கிற நமக்கு என்ன கவலை என்று கேட்பவருக்கு, 2024 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் டில்லியிலிருந்தும் பெரிய வண்டிகள் வந்தன. சில வாரங்களில் போய்விட்டன. அங்கேயே இருந்து, மறுநாளும் அதே தெருவில் நடந்து, அதே காவல் நிலையத்துக்குப் போய், அதே மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவர் உள்ளூர் நிருபர் ஒருவர்தான். 'இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை?' என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடலாம். பெரிய செய்தி நடப்பதற்கு முன்னால் சின்னச் செய்தியாக அதை எழுதுவதற்கு ஒருவருக்கு முதுகெலும்பு மட்டும் போதாது. முதுகுக்குப் பின்னால் யாராவது இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு அலைகிறவரிடம், நியமனக் கடிதம் இல்லாதவரிடம், அடிபட்டால் 'அவர் எங்கள் ஆள் அல்லர்' என்று நிறுவனம் சொல்லிவிடக் கூடியவரிடம் நாம் அந்தத் தைரியத்தை எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்?

அடிபடுவது கற்பனையும் அல்ல. 2022 செப்டம்பரில், கனியாமூர்ப் பள்ளி விவகாரத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன 'நக்கீரன்' பத்திரிகையின் செய்தியாளரும் புகைப்படக்காரரும் தாக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பெயர் பெற்ற ஒரு பத்திரிகை இருந்தது, ஊர் அறிந்தது. பெயரில்லாத சேனலின் தாலுகா நிருபருக்கு அது நேர்ந்தால் யார் அறிக்கை விடுவார்கள்?

அப்படியானால் சங்கத்தை நவீனப்படுத்துவது எப்படி? வலைத்தளம் ஒன்று தொடங்குவதும், வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்வதும் நவீனம் ஆகாது. உறுப்பினர் யார் என்ற கேள்விக்குப் புதிய பதில் சொல்வதே நவீனம். எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல், என்ன வேலை செய்தார் என்று பார்க்க வேண்டும்.

கட்டடத்தை நம்புவதில் உள்ள ஆபத்து பழையது. 1959 ஏப்ரல் 27-ல் சென்னை எக்ஸ்பிரஸ் பத்திரிகை நிறுவனத்தில் வேலை நிறுத்தம், 29-ல் கதவடைப்பு. 'ஆந்திர பிரபா'வின் பிரசுரத்தை நிர்வாகம் விஜயவாடாவுக்கு மாற்றிய தகராறு அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பத்திரிகையை அன்று ஊர் மாற்ற வேண்டுமானால் இயந்திரமும் காகிதமும் ஆளும் அங்கே வேண்டியிருந்தன. 2017-ல் நியூயார்க்கில் டிஎன்ஏஇன்ஃபோ என்ற இணையச் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். ஒரே வாரத்தில் முதலாளி நிறுவனத்தையே மூடிவிட்டார். லாரி வேண்டியிருக்கவில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாயிருந்தது. வாசலே இல்லாத ஆலையின் வாசலில் போய் நின்று கோஷம் போட முடியாது.

ஆனால் வாசலைப் பறித்துக்கொண்ட அதே கருவி, தொழிலாளிக்கு வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. அதைச் சங்கங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆலையில் வருகைப் பதிவேடு முதலாளியின் மேஜையில் இருந்தது. தொழிலாளி அன்றைக்கு வேலைக்கு வந்தானா என்பதற்கு முதலாளியின் காகிதமே சாட்சி. இன்றைக்கு நிருபர் அனுப்புகிற ஒவ்வொரு செய்திக்கும், ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் மணியும் நிமிஷமும் அவருடைய கைபேசியிலேயே பதிந்திருக்கின்றன. 'உடனே போய் வீடியோ எடுங்கள்' என்று நடு இரவில் வந்த உத்தரவும் அங்கே இருக்கிறது. பதிவேடு முதல் தடவையாகத் தொழிலாளியின் சட்டைப் பைக்கு வந்திருக்கிறது!

சங்கம் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு உறுப்பினரிடமிருந்தும் மாதந்தோறும் கணக்கு வாங்க வேண்டும்: எத்தனை செய்தி, யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை பிரசுரமாயிற்று, கூலி எவ்வளவு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பேரேடு. அதைக் கொண்டு நிறுவனத்திடம் எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்கலாம். பெட்ரோல் செலவு கேட்கலாம். தொழிலாளர் அதிகாரியின் முன்னால் வைக்கலாம். 'பிரதானத் தொழில்' என்ற சொல்லுக்கும் அதுவே பதில். மாதத்தில் இருபத்தைந்து நாள் செய்தி அனுப்பியவரின் பிரதானத் தொழில் எது என்று எந்த நடுவரும் கணக்கிட்டுக்கொள்வார்.

போலிகள் உள்ளே வந்துவிடுவார்களே என்று மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு மிரட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவர்களை உள்ளே விட்டதே அட்டை முறைதான். அட்டையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். முந்நூறு நாள் அனுப்பிய செய்திகளின் வரிசையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பேரேடு வைத்த சங்கத்தில் போலி தானாகவே வெளியே நிற்பான்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1907-ல் தோன்றிய இங்கிலாந்தின் தேசியப் பத்திரிகையாளர் சங்கம், எந்த அலுவலகத்திலும் சேராத சுயேச்சைப் பத்திரிகையாளரையும் தன் உறுப்பினராக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2015-ல் காக்கர் என்ற இணைய நிறுவனத்தின் ஊழியர்கள், சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுகிறவர்களின் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இணைய உலகத்தில் சங்கமே முளைக்காது என்ற பேச்சு அதோடு பலமிழந்தது. அதே எழுத்தாளர் சங்கங்கள் 2023-ல் 148 நாள் வேலை நிறுத்தம் செய்து, செயற்கை அறிவு இயந்திரத்தைக் கொண்டு எழுத்தாளனை ஒதுக்கிவிடாமலிருக்க ஒப்பந்தத்தில் விதிகள் எழுத வைத்தன. நம் நாட்டில் இணைய ஊடக நிறுவனங்கள் 2020-லேயே டிஜிபப் என்று தங்களுக்கு ஓர் அமைப்பைக் கண்டுவிட்டன. செய்தியை வெளியிடுகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். செய்தியைச் சுமந்து வருகிறவர்கள் இன்னும் தனித்தனியே நிற்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலில் உள்ளவரில் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினரானால் பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்து அத்தனை பேரைத் திரட்டுவது முடியாத காரியமல்ல. சென்னைச் சங்கத்தார் அதற்குச் செய்ய வேண்டிய உதவி பெரிதல்ல: ஒரு நாள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்க வேண்டும், பேச்சாளராக அல்ல, பேரேடு எழுதுகிற குமாஸ்தாவாக.